கொங்கு நாவல்களில் எதை முதலில் எடுப்பது?

ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவிலோ கோவை கொடிசியா கண்காட்சியிலோ ஒரு கடை முன்னால் நின்று, "நம்ம பக்கத்துக் கதையா ஒண்ணு குடுங்க" என்று கேட்டால், இன்று ஏழெட்டுப் புத்தகங்களை எடுத்துப் போடுவார்கள். எதை எடுப்பது என்ற குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பத்திரிகையில் பெயர் அடிபட்டதை வாங்கிப்போய் முப்பதாம் பக்கத்தில் மூடிவைத்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். தனியாகப் படிப்பவருக்கு அதில் போவது ஒரு புத்தகத்தின் விலை மட்டுமே. ஊர் நூலகத்திலோ பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்தோ வாசிப்பு வட்டம் தொடங்குகிறவர்களுக்கு நட்டம் பெரிது. முதல் மாதப் புத்தகம் சரியாக அமையவில்லை என்றால் இரண்டாம் மாதம் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து படிக்கும் வட்டமானால் முதலில் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்', அடுத்ததாகப் பெருமாள்முருகனின் 'கூள மாதாரி'. இந்த வரிசையை மாற்றக் கூடாது. முதலாவதைப் படித்துவிட்டு இரண்டாவதை விடவும் கூடாது. மற்ற புத்தகங்களை எடுப்பதும் தள்ளுவதும் வட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

'நாகம்மாள்' வந்தது 1942இல். தமிழில் வட்டார நாவல் என்ற வகையைத் தொடங்கிவைத்த புத்தகம் என்று விமர்சகர்கள் பலர் இதைச் சொல்கிறார்கள். அந்தப் பெருமையைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் முதல் புத்தகமாக எடுக்க மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, மெலிந்த புத்தகம். நாளுக்கு இருபது பக்கம் வைத்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இரண்டு, பேச்சு மட்டுமே கொங்குப் பேச்சு. கதை சொல்லும் நடை அன்றைய எழுத்துத் தமிழ். பழக்கமில்லாதவருக்கும் இரண்டு அத்தியாயத்துக்குள் காது பழகிவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். இது பாகப் பிரிவினைக் கதை. கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பன், அவன் மனைவி ராமாயி ஆகியோரோடு ஒரே குடும்பத்தில் இருக்கிறாள். காட்டில், அதாவது குடும்பத்து விவசாய நிலத்தில், தன் பங்கைப் பிரித்துக் கொடு என்று கேட்கிறாள். கதை அவ்வளவுதான். காடு, கிணறு, பொதுவழி என்று பங்காளிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடு இல்லாத ஊர் கொங்கில் ஏது? அதனால் வட்டத்தில் யாருமே "எனக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை" என்று உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்துச் சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் நாவலின் கூர்மை நன்றாகத் தெரியும். 1937இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம், இறந்த கணவனின் பங்கில் விதவைக்கு உரிமை தந்தது. ஆனால் மாகாணங்களில் உள்ள விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் விவசாய நிலத்துக்கும் அதை நீட்டித்தது 1947இல். நாவல் வெளிவந்தது இந்த இரண்டுக்கும் நடுவில். நாகம்மாளைப் போன்ற ஒரு பெண் ஜீவனாம்சம் கேட்கலாம். காட்டில் பங்கு என்று கேட்டால் சட்டம் கைகொடுக்காத காலம் அது. இதை வட்டத்தில் யாராவது ஒருவர் ஐந்து நிமிடம் சொல்லிவிட்டால், "அடங்காத பொம்பளை" என்று அவளை ஒரே வார்த்தையில் ஒதுக்குகிற பேச்சு நின்றுவிடும். அதோடு 1989இல் தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று வந்த பிறகும், கல்யாணமான பெண்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுப்பது ஏன் நிற்கவில்லை என்ற கேள்விக்கு நேராகப் போகலாம். எண்பது வருடத்துக்கு முந்தைய கதை அப்போது அடுத்த தெருவுக்கு வந்துவிடும்.

இதில் தவறிப்போகிற இடம் ஒன்று உண்டு. முடிவை யாரும் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது. வேகமாகப் படித்து முடித்த ஒருவர் வாட்ஸப் குழுவில் முடிவைப் போட்டுவிட்டால், அதன்பின் படிப்பவருக்கு நாகம்மாள் மேலுள்ள பார்வையே மாறிவிடும். கடைசி இரண்டு அத்தியாயங்களைக் கூட்டத்தன்றே உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பது நல்ல வழி. பக்கத்துக்கு இரண்டரை நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வீட்டுக்கு வீடு வேறு வேறு பதிப்பு இருக்கும். "நாற்பதாம் பக்கம் வரை" என்று சொன்னால் ஆளுக்கு ஒரு இடத்தில் நிற்பார்கள். அத்தியாய எண்ணைச் சொல்லிப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் 'நாகம்மாள்' மட்டும் படித்தால் போதாது என்று நினைக்கிறேன். நிலம் யாருக்கு என்று பங்காளிகளுக்குள் அடித்துக்கொள்வதை அது காட்டுகிறது. அந்த நிலத்தில் ஆடு மேய்த்து, சாணி அள்ளி, தண்ணீர் இறைத்து, நிலத்தில் ஒரு கைப்பிடி மண்ணுக்கும் பாத்தியதை இல்லாதவர்கள் அங்கே ஓரத்தில்தான் இருக்கிறார்கள். 2000இல் வந்த 'கூள மாதாரி' அவர்களை நடுவில் கொண்டுவந்து வைக்கிறது. கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட சக்கிலியப் பையன் கூளையன். அவனோடு நெடும்பன், வவுறி, செவிடி என்று மற்ற பண்ணையத்துப் பிள்ளைகள். பண்ணாடி (நிலத்துச் சொந்தக்காரர்) வீட்டுப் பையன் செல்வனும் சேர்ந்து விளையாடுகிறான். விளையாட்டுக்குள்ளேயே யார் எஜமான், யார் ஆள் என்பது எப்படி நுழைகிறது என்று இந்த நாவல் காட்டுவதுபோல் வேறு எதுவும் காட்டவில்லை என்பது என் கருத்து.

பிள்ளைகளின் பெயர்களைக் கவனியுங்கள். குள்ளமானவன் கூளையன், உயரமானவன் நெடும்பன், வயிறு தள்ளியவள் வவுறி. அவர்களுக்குப் பெயர் வைத்தது அவர்கள் உடம்பு. செல்வனுக்கு மட்டும் பொருளும் மங்கலமும் உள்ள பெயர். வ. கீதா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த 'சீசன்ஸ் ஆஃப் த பாம்' இந்தப் பெயர்களையும் மொழிபெயர்த்தே வைத்திருக்கிறது. ஆங்கில வழியில் படித்த கோவைப் பிள்ளைகள் வட்டத்தில் இருந்தால் அதை அவர்களிடம் தரலாம். கதை முழுதாகப் போய்ச் சேரும். ஆனால் "கூளையா!" என்று காட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடும்போது அந்தக் குரலில் இருக்கிற அதிகாரம் தமிழில்தான் கேட்கும். அதனால் ஒரு பக்கத்தையாவது தமிழில் அவர்களுக்குப் படித்துக்காட்டுங்கள்.

'நாகம்மா'ளைவிட இது படிக்கக் கடினம். நீளம் அதிகம், கதை சொல்லும் நடைக்குள்ளேயே வட்டாரச் சொல் நிறைந்திருக்கும். இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் வேலி நிற்கிற மண்தடம் என்பதும், ஒறம்பரை என்றால் விருந்தாளி என்பதும் காட்டுப்பக்கம் வளர்ந்தவருக்குச் சொல்ல வேண்டாம். கோவை அடுக்குமாடியில் வளர்ந்தவருக்குச் சொல்ல வேண்டும். கொறங்காடு என்றால் குரங்குகள் உள்ள காடு என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் விட்டு, ஆடுமாடு மேய்வதற்கென்றே வைத்திருக்கும் நிலம் அது. காங்கேயம் பக்கம் போனால் இன்றும் பார்க்கலாம். இதற்குத் துணையாக பெருமாள்முருகனே தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யை ஒரு பிரதி வட்டத்துக்குப் பொதுவாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆளுக்கு ஒன்று தேவையில்லை. படிக்கும்போது சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பார்க்கவும் வேண்டாம். புரியாத சொல்லைப் பென்சிலில் கோடிட்டுக்கொண்டே போய், அத்தியாயம் முடிந்ததும் மொத்தமாகப் பார்த்தால் வாசிப்பு அறுபடாது. பாதிச் சொற்களுக்கு அகராதி தேவையே இல்லாமல் அடுத்த பக்கத்தில் பொருள் வந்துவிடும்.

சொல்லைவிட அதிகம் ஏமாற்றுவது விகுதி. "அவன் வந்தானுங்களா?" என்று ஒரு பாத்திரம் கேட்டால், சென்னைக்காரர் "பல பேர் வந்தார்களா, அதுவும் மரியாதையில்லாமல்" என்று படிப்பார். கொங்கில் அந்த 'ங்க' வந்தவனுக்குச் சேராது; எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தருகிற மரியாதை. வந்தவன் ஒருத்தன்தான். இதைப் புரிந்துகொண்டால், யார் யாரிடம் 'ங்க' போட்டுப் பேசுகிறார்கள், யாருக்கு அது ஒருபோதும் திரும்பி வருவதில்லை என்று பார்த்துக்கொண்டே போகலாம். கூளையன் பேசுவதையும் பண்ணாடி பேசுவதையும் அடுத்தடுத்து வைத்து இதை மட்டும் எண்ணிப் பாருங்கள். விளக்கம் எதுவும் வேண்டியிருக்காது. அதேபோல் அப்பாரு என்றால் அப்பா என்று படித்துவிடாதீர்கள். அப்பாவின் அப்பா. அம்மாவின் அப்பா அப்புச்சி, அம்மாவின் அம்மா அம்மாயி. இதில் தவறினால் ஒரு தலைமுறையே இடம் மாறிவிடும்.

இந்த நாவலைப் பேசும் கூட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். நிலமுள்ள குடும்பத்திலிருந்து வந்த ஒருவர் "அதெல்லாம் அந்தக் காலம், இப்ப யாருங்க அப்படி இருக்காங்க" என்பார். மறுத்துப் பேச வேண்டியவர் வாய் திறக்காமல் இருந்துவிடுவார். பேச்சு அதோடு நின்றுபோகும். அதைத் தவிர்க்கக் கருத்துக் கேட்பதைத் தள்ளிவைத்து, வேலையைப் பற்றிக் கேட்டுத் தொடங்குங்கள். பையன் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறான், சோறு எங்கே உட்கார்ந்து எதில் வாங்குகிறான், தொலைந்த ஆட்டுக்கு யார் கணக்குச் சொல்ல வேண்டும், அவனுடைய கூலி யார் கைக்குப் போகிறது. நாவலிலிருந்தே பக்கத்தைக் காட்டிப் பதில் சொல்லச் சொல்லுங்கள். கருத்து தானாக வந்து சேரும். வட்டத்தில் கூளையனின் சமூகமான அருந்ததியர் குடும்பத்திலிருந்து வந்தவர் இருந்தால், "நீங்க சொல்லுங்க, உங்க வீட்டுல எப்படி" என்று அவரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அவரும் மற்றவரைப் போல நாவலைப் படிக்க வந்தவர்தான். சொல்ல விரும்பினால் அவரே சொல்வார்.

'மாதொருபாகன்' ஏன் முதலில் இல்லை என்று கேட்பார்கள். 2010இல் வந்த பெருமாள்முருகனின் நாவல் அது. நாலு வருடம் கழித்து 2014 கடைசியில் எதிர்ப்பு கிளம்பி, 2015 ஜனவரியில் எழுத்தாளர் எழுதுவதையே நிறுத்துவதாக அறிவித்து, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இத்தனையும் நடந்த பிறகு யாரும் அதை நாவலாகத் திறப்பதில்லை, வழக்காகத் திறக்கிறார்கள். சர்ச்சைக்குரிய அந்த ஒரு பகுதியைத் தேடி நேராக அங்கே போய்விடுகிறார்கள். கணவன் காளியும் மனைவி பொன்னாவும் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் அன்பு, பிள்ளையில்லாதவளை எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால் நிற்கவிடாத ஊர்ப் பேச்சு, காட்டில் ஆடுமாடு கட்டுகிற தொண்டுப்பட்டியில் கழிகிற பொழுது எல்லாமே அடிபட்டுப்போகின்றன. என் பார்வையில் நாவலின் உயிர் அந்தத் தொண்டுப்பட்டியில்தான் இருக்கிறது. அதனால் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ, வட்டத்தினர் ஒருவரையொருவர் நம்பிப் பேசத் தொடங்கிய பிறகு எடுங்கள். எடுத்தால் அதன் தொடர்ச்சியான 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' இரண்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள். முதல் நாவல் விட்ட இடத்திலிருந்து காளி செத்துப்போனால் என்ன, பிழைத்தால் என்ன என்று இரண்டு தனித்தனிப் பாதைகளில் போகிற நாவல்கள் அவை. வட்டத்தை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொன்று படித்துவந்து பேசினால் ஒரு மாதத்தில் இரண்டும் முடியும்.

இளவட்டங்கள் அதிகமிருந்தால் அதே எழுத்தாளரின் 'கங்கணம்' பொருந்தும். முப்பது தாண்டியும் பெண் அமையாத மாரிமுத்துவின் கதை. பெண் குழந்தைகளைக் குறைத்துவிட்ட சமூகம் பின்னால் பெண் தேடி அலைவது. தோட்டம் இருந்தும் பெண் கிடைக்காத மாப்பிள்ளைகள் இன்று கொங்கில் எத்தனை பேர் என்று யாருக்கும் புள்ளிவிவரம் சொல்லத் தேவையில்லை. நீளம்தான் குறை, நடுவில் பெண் பார்க்கும் படலங்கள் திரும்பத் திரும்ப வருகிற உணர்வு வரும்.

சாகித்திய அகாதமியின் 2023ஆம் ஆண்டு விருது பெற்ற தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' வேறு ரகம். குடிநாவிதர் குடும்பம் ஒன்றில் காரு மாமாவின் சாவு. அதையொட்டி உறவெல்லாம் வந்து கூடுகிறது. தலைப்பு புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார் பாட்டிலிருந்து வந்தது. ஆற்றுப் போக்கில் போகும் தெப்பம்போல உயிரும் அதன் முறைப்படி போகும் என்கிற அடி. கொங்கு வேளாளர் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுவது குடிமகன் என்று அழைக்கப்படும் குடிநாவிதர்தான். அவர் பாடாமல் கல்யாணம் நிறைவதில்லை. ஆனால் அந்தக் குடிமகன் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அங்கே என்ன நடக்கிறது என்று கல்யாணத்துக்கு வந்த எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்காகவே இந்த நாவலைப் படிக்க வேண்டும். அழுகை, பழைய சண்டை, மறுபடி ஒட்டிக்கொள்வது என்று உணர்ச்சி நிறைந்தது. சொந்தத்தில் சமீபத்தில் சாவு நடந்தவர் வட்டத்தில் இருந்தால் சில மாதம் தள்ளிவையுங்கள். உறவுமுறைகள் நெருக்கமாக வருவதால், முதல் இருபது பக்கத்துக்குள் ஒரு தாளில் யாருக்கு யார் என்ன முறை என்று கோடு போட்டு எழுதிவைத்துக்கொண்டால் பிறகு தடுமாற வேண்டியதில்லை.

திருப்பூர்க்காரர்களுக்கு இரண்டு புத்தகம். எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை', சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை'. முதலாவது பனியன் ஊரோடு சேர்ந்து வளர்ந்து சிதறுகிற ஐந்து நண்பர்களின் கதை. கைமடியாக (உதவியாளாக) உள்ளே போனவர், சிங்கர் டெய்லர், செக்கிங் பார்க்கிறவர் எல்லோருக்கும் தெரிந்த உலகம். தடித்த புத்தகம் என்பதால் சரக்கு அனுப்புகிற அவசரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் இதைக் கொடுத்தால் யாரும் தொடமாட்டார்கள். தீபாவளிக்குக் கம்பெனி விடுமுறை விடுகிற நாட்களுக்கு வையுங்கள். 'சாயத்திரை' சாயக்கழிவு நொய்யல் ஆற்றை என்ன செய்தது என்று சொல்கிறது. நாவலாக எனக்கு 'மணல் கடிகை' மேல். மனிதர்கள் அதில் முழுதாக நிற்கிறார்கள். ஆனால் ஊர்ப் பிரச்சினையைப் பேசும் கூட்டத்துக்கு 'சாயத்திரை'தான் உதவும். அது வந்தது 1998இல். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992இல் வந்து, சாயத்தண்ணீர் தேங்கும் குட்டையாகிப்போயிருந்தது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரியில். இந்த மூன்று வருடங்களையும் பலகையில் எழுதிவைத்துக்கொண்டு பேசினால், எழுத்தாளர் எவ்வளவு முன்னால் எழுதினார் என்பது எல்லோருக்கும் விளங்கும்.

கதை வேண்டாம், கட்டுரையாகக் கொடுங்கள் என்பவர்களும் உண்டு. தாராபுரத்தில் பிறந்த தியடோர் பாஸ்கரனின் சூழலியல் கட்டுரைத் தொகுப்புகளில் ஏதாவது ஒன்றை எடுங்கள். கட்டுரைகள் சிறியவை, ஒரே உட்காரலில் இரண்டு மூன்று படித்துவிட்டுப் பேசலாம், முன்கூட்டிப் படித்துவராதவரும் கலந்துகொள்ளலாம். பறவைக்கும் செடிக்கும் நல்ல தமிழ்ப் பெயர் வைத்து எழுதுகிறவர். வரலாறு வேண்டுமென்றால் எச்சரிக்கை ஒன்று. 'கொங்கு நாட்டு வரலாறு' என்ற பெயரில் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். கோவைக்கிழார் என்ற இராமச்சந்திரன் செட்டியார் எழுதியது 1954இல் வந்தது. மயிலை சீனி. வேங்கடசாமி எழுதியது 1974இல் வந்தது. அது பண்டைக்காலத்தோடு, கி.பி. 250 வரைதான் போகும். கடையில் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் நினைத்தது கைக்கு வராது. ஆசிரியர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாளையக்காரர் காலம், வெள்ளையர் காலம் பற்றித் தெரிந்துகொள்ள இரண்டாவதை வாங்கினால் ஏமாற்றம்தான். பதிற்றுப்பத்து சொல்கிற கொடுமணம், நொய்யல் கரையில் இன்றைய கொடுமணல், அங்கே அகழ்ந்தெடுத்த கல்மணிகள் இதிலெல்லாம் ஆர்வம் உள்ளவருக்குப் பண்டைக்காலப் புத்தகம் சரி.

எத்தனை பிரதி வாங்குவது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். எட்டுப் பேருக்கு நாலு பிரதி போதும். ஆளுக்குப் பத்து நாள் வைத்துக் கைமாற்றினால் ஒரு மாதத்துக்குள் எல்லோரும் முடித்துவிடலாம். 'கூள மாதாரி'க்கு மட்டும் ஆளுக்குப் பதினைந்து நாள் கொடுங்கள். கண்காட்சிகளில் பத்து சதவீதம் கழிவு வழக்கமாகக் கிடைக்கும் என்பதால் ஜூலையில் கோவையிலோ ஆகஸ்டில் ஈரோட்டிலோ வருடத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கிவிடலாம்.

காட்டு வேலை பார்ப்பவர்கள் வட்டத்தில் இருந்தால் காலத்தையும் பாருங்கள். மாசி, பங்குனியில் மஞ்சள் வெட்டும்போது யாருக்கும் கண் திறந்திருக்காது. அந்த மாதங்களுக்குக் கட்டுரைத் தொகுப்பு. வைகாசியில் கல்யாணங்கள் குறுக்கே வரும். கூட்டத் தேதியை முகூர்த்த நாள் பார்த்துத் தள்ளிவையுங்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லை. 'நாகம்மா'ளை ஆடி முதல் வாரத்தில் கையில் கொடுத்தால் பதினெட்டுக்குள் படித்து முடித்திருப்பார்கள்.